நால்வர் பங்கிட்ட உடை

அன்று சுவிட்ச் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர்.

ஃபோர்மேன் சிங்காரவேலு. வயது ஐம்பத்து நான்கு.

எலெக்ட்ரீஷியன்கள் நால்வர். தணிகாசலம், பாவாடை, ஜக்கரியா, அந்தோணி.

ஷிப்ட் மேனேஜர் கோதண்டபாணி.

ஏழாவது ஆள் கமலவேணி. ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சர்க்கரை ஆலைக்கு வந்து, மின் கருவிகளைச் சோதித்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். வயது முப்பத்தொன்பது.

கேட்டுக்கு வெளியே கரும்பு டிராக்டர்கள் அறுபத்திரண்டு நின்றன. ஓட்டி வந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அறைக்குள் வந்தவர்கள் ஏழு பேர்தான்.

மணி ஒன்பது இருபது.

“அம்மா, டிரஸ் ஒண்ணு, ஆளு நாலு” என்றார் சிங்காரவேலு. “எப்படிக் காப்பாத்துவேன்?”

கமலவேணி பெட்டியைத் தரையில் வைத்தார்.

“ஃபோர்மேனோட சாமி வந்தாச்சு” என்று பாவாடை ஜக்கரியாவின் காதில் சொன்னான். எல்லாருக்கும் கேட்டது.

அவர்கள் கேலி செய்வதில் நியாயம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக, கமலவேணி வரும் நாளில் சிங்காரவேலு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அவரைவிடப் பதினைந்து வயது குறைந்த அந்தப் பெண் பதில் என்று ஒன்றும் சொல்லமாட்டார். ஏதாவது செய்வார்.

போன ஆண்டு, “ஆளுங்க என்ன சட்டை போடணும்?” என்று கேட்டார். கமலவேணி அவருடைய சட்டை ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்தார். தீக்குச்சி கிழித்துக் காட்டினார். நூல் எரிந்து சாம்பலாகவில்லை. உருகிக் கறுப்பு மணியாகி, கமலவேணியின் நகத்தில் ஒட்டிக்கொண்டது. சுரண்டினாலும் வரவில்லை.

மறுநாளிலிருந்து எலெக்ட்ரிகல் பிரிவில் எல்லாரும் பருத்திச் சட்டை.

இந்த ஆண்டுக் கேள்வி உடையைப் பற்றியது.

கரண்டு கம்பியைத் தொட்டால் அடிக்கும். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் தொடாமலே, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், காற்றிலேயே தீயாய்ப் பாய்வதும் உண்டு. அதற்கு ஆலையில் ஃப்ளாஷ் என்று பெயர். முன்னால் நிற்கிறவன் எரிந்துபோவான்.

மூன்று அரவைப் பருவத்துக்கு முன்னால் இரண்டாம் எண் பேனலில் அப்படி ஒரு ஃப்ளாஷ் வந்தது. வைத்தி என்ற வைத்திலிங்கம் எழுபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தான். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை அவன் மனைவி போட்டுவிடுகிறாள்.

“போய் அதை இழுடா வைத்தி” என்று அனுப்பியவர் சிங்காரவேலு.

அதன் பிறகு நிர்வாகம் ஒரு தீக்காப்பு உடை வாங்கித் தந்தது. ஒரே ஒரு உடை.

இன்றைக்கு நான்காம் எண் பேனலில் கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது.

வரிசையில் இரும்பு அலமாரி மாதிரி பேனல்கள் ஒன்பது. ஒவ்வொன்றுக்குள்ளும் கரண்டை விடவும் நிறுத்தவும் ஒரு பிரேக்கர். ஒன்பதுக்கும் பின்னால் குறுக்கே ஓடும் செம்புப் பட்டைகள் மூன்று. ஆலை முழுவதற்கும் கரண்டு அந்த மூன்று பட்டைகளில் இருந்துதான். நான்காம் பிரேக்கரைப் பட்டைகளிலிருந்து விடுவித்து வெளியே இழுக்க வேண்டும். பழுது பார்த்து உள்ளே தள்ள வேண்டும்.

பட்டைகளில் கரண்டு இருக்கும்போதே.

மேனேஜர் காலை ஏழு மணிக்கே சொல்லிவிட்டார். “நாலாம் நம்பர் சாறு பம்பை நிறுத்தியாச்சு. மத்த எட்டும் ஓடட்டும். மில்லு நிக்கக் கூடாது.”

“ஒரு டிரஸ்ஸை வச்சுக்கிட்டு நாலு பேரு எப்படி வேலை செய்யறீங்க?” என்று கேட்டார் கமலவேணி.

“நியாயமா” என்றான் பாவாடை.

“காட்டுங்க.”

நால்வரும் அலமாரியைத் திறந்து உடுத்திக்கொண்டார்கள். தணிகாசலம் மேல்கோட்டைப் போட்டான். பாவாடை முகத்தை மூடும் கூடாரக் குல்லாயை மாட்டினான். ஜக்கரியா இரண்டு கையுறைகளையும் எடுத்துக்கொண்டான். அந்தோணி கால்சட்டையை ஏற்றிக்கொண்டு நாடாவைக் கட்டினான்.

“வாரா வாரம் மாத்திக்குவோம் மேடம்” என்றான் ஜக்கரியா. “போன வாரம் குல்லா எனக்கு. அடுத்த வாரம் கோட்டு.”

“சண்டையே வந்ததில்ல” என்றான் அந்தோணி.

சிங்காரவேலு தலை குனிந்தார். பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். நாலு பிள்ளைகளுக்கு ஒரு மாம்பழத்தை வெட்டிக் கொடுக்கிற மாதிரி வெட்டியிருந்தார்.

கமலவேணி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். நால்வரையும் சுற்றி வந்தார். உடை மூடாத இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டார்.

தணிகாசலத்தின் இரண்டு கன்னங்களில். கழுத்தில். இரண்டு கைகளில். முழங்கால்களில். பாவாடையின் மார்பில், வயிற்றில், கைகளில், கால்களில். ஜக்கரியாவின் மூக்கில் போட்டபோது அவனுக்குத் தும்மல் வந்தது.

“எண்ணுங்க அண்ணே” என்றார்.

சிங்காரவேலு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். “இருபத்தாறு.”

“வைத்திக்கு எத்தனை இடம்?”

சிங்காரவேலுவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதியதை அவர்தான் வாங்கி வந்தார். “ஆறு” என்றார்.

பாவாடை குல்லாயைக் கழற்றினான்.

“ஒரே ஆளுக்குப் போடுங்க” என்றார் கமலவேணி.

எல்லாத் துண்டுகளும் தணிகாசலத்தின் மேல் ஏறின. கோட்டு, கால்சட்டை, கையுறை, குல்லாய். குல்லாயின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் குளத்துக்கு அடியில் தெரிகிற மாதிரி தெரிந்தது.

“மூச்சு விட முடியுதா?” என்று கேட்டார் சிங்காரவேலு.

“கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குதுண்ணே” என்றான் தணிகாசலம் உள்ளேயிருந்து.

“அப்ப நாங்க மூணு பேரு?” என்றான் ஜக்கரியா.

கமலவேணி அவனைப் பார்க்கவில்லை. பாவாடையைப் பார்த்தார்.

“நீங்க இங்க எதுக்கு?”

“டார்ச் அடிக்க மேடம். நாலாம் நம்பர் மேல டியூப் லைட்டு எரியாது. ரெண்டு வருஷமாச்சு.”

“புதுசு கேட்டீங்களா?”

“ஸ்டோருக்கு ஏழு தடவை எழுதினேன்” என்றார் சிங்காரவேலு.

கமலவேணி அறையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் மேனேஜரின் சிறிய அறை. அங்கே ஒரு டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் வெயிலும் இருந்தது.

அவர் விரலால் அதைக் காட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பாவாடை தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாய் ஒரு வேலையும் செய்ததில்லை. நான்கு நிமிடத்தில் மேனேஜரின் லைட் பேனலுக்கு எதிர்ச்சுவரில் எரிந்தது.

“டார்ச் வேணுமா?” என்றார் கமலவேணி.

“வேணாம் மேடம்.”

“நீங்க?”

பாவாடை ஒரு கணம் நின்றான். பிறகு கதவுக்கு வெளியே போனான்.

அடுத்தது ஜக்கரியா. அவன் வேலை கைப்பிடியை எடுத்துக் கொடுப்பது. பிரேக்கரை வெளியே கொண்டுவர, ஒரு கைப்பிடியைத் துளையில் செருகிச் சுற்ற வேண்டும். கையுறை தடிமன். அதைப் போட்டுக்கொண்டு தரையில் கிடக்கிற கைப்பிடியைக் குனிந்து எடுக்க வராது. ஆகையால் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள்.

கமலவேணி ஒரு துண்டுக் கம்பியை வளைத்தார். பக்கத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். நெஞ்சு உயரத்தில் கைப்பிடி தொங்கியது. தணிகாசலம் கையுறையோடு எடுத்தான். மாட்டினான். மறுபடி எடுத்தான்.

“மூணு வருஷமா ஒரு கொக்கி பாக்கற வேலையைப் பாத்திருக்கேன்” என்றான் ஜக்கரியா.

அவனும் வெளியே போனான். கொஞ்சம் மனத்தாங்கலோடு போனான்.

அந்தோணியின் கையில் ஒரு மரக்கழி இருந்தது.

“அது?”

“அவரு ஒட்டிக்கிட்டா தட்டிவிட.”

“எங்க நிப்பீங்க?”

“பின்னாடி.”

“எவ்வளவு பின்னாடி?”

அந்தோணி காட்டினான். கழியின் நீளம்தான் தூரம். ஐந்தடி.

“ஃப்ளாஷ் வந்தா?”

“ஓடிடுவேன் மேடம். நான் ஸ்கூல்ல நூறு மீட்டர்ல—”

கமலவேணி அவன் முகத்துக்கு முன்னால் பட்டென்று ஒரு முறை கை தட்டினார்.

அந்தோணி கண்ணைச் சிமிட்டினான்.

“ஓடினீங்களா?”

அவன் தன் கால்களைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றிருந்தன.

“அதுக்குள்ள ஃப்ளாஷ் முடிஞ்சு போச்சு” என்றார் கமலவேணி.

அந்தோணி கழியைச் சுவரில் சாய்த்தான். யாரும் சொல்லாமலே வெளியே போனான்.

உள்ளே இப்போது நான்கு பேர். மேனேஜர் கோதண்டபாணி தன் அறைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“என் ரூம் லைட்டு எங்கய்யா?”

வெளியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பாவாடையுடையது.

கமலவேணி மேனேஜரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் எதற்காக அங்கே இருக்கிறார் என்று கேட்கக்கூட இல்லை. கதவைக் காட்டினார். மேனேஜர் வாசற்படிக்கு அப்பால் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க?” என்றார் கமலவேணி.

“நானா?” சிங்காரவேலு திகைத்தார். “நான் ஃபோர்மேன்.”

“அதனால?”

“என் ஆளை உள்ள விட்டுட்டு நான் வெளிய நிக்கறதா? வைத்தி எரிஞ்சப்ப நான் வெளியதான் நின்னேன். அன்னைக்கே முடிவு பண்ணேன். இனிமே பக்கத்துலயே நிப்பேன்னு.”

“நின்னா அவர் எரியமாட்டாரா?”

சிங்காரவேலு தணிகாசலத்தின் குல்லாயைப் பார்த்தார்.

“ஃபோர்மேன் எரியமாட்டாரா?”

மூன்று ஆண்டுகளாக அவர் தணிகாசலத்தின் இடது தோளுக்கு அருகில் நின்றிருக்கிறார். சாதாரணச் சட்டையில். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தண்டனை என்றும் நினைத்ததுண்டு. இரண்டில் எது என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

வாசல் வரைக்கும் நடந்தார். பதினொரு அடி.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மூடிய தணிகாசலம் மட்டும் பேனலுக்கு முன்னால் நின்றான். மேலே நல்ல வெளிச்சம். கைக்கு எட்டும் தூரத்தில் கைப்பிடி.

சிங்காரவேலுவுக்குப் பாரம் இறங்கியது. “விளங்கிடுச்சு அம்மா” என்றார். “ஆளு நாலு இல்ல. வேலைக்கு ஆளு ஒண்ணுதான். டிரஸ் ஒண்ணு போதும்.”

கமலவேணி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாராட்டு இல்லை.

“உடைக்குள்ள காலர்ல ஒரு துணிச்சீட்டு தைச்சிருக்கும். என்ன எழுதியிருக்கு?”

மூன்று ஆண்டுகளில் அந்தச் சீட்டை யாரும் படித்ததில்லை. சிங்காரவேலு எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். எண் வரும். திரும்பப் போய்த் தணிகாசலத்தின் காலரை மடக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

“பன்னெண்டு.”

“அது தாங்கற சூடு” என்றார் கமலவேணி.

பிறகு தன் நோட்டைத் திறந்தார். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் டிரான்ஸ்பார்மர், கேபிள், ரிலே என்று ஒவ்வொன்றாய்ப் படித்துக் கணக்குப் போட்டிருந்தார். கடைசி வரியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். சாக்குக்கட்டியை எடுத்து, நான்காம் பேனலின் கதவில் பெரிதாக எழுதினார்.

31.

“இது வர்ற சூடு. அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

தணிகாசலம் குல்லாயைத் திருப்பித் தன் காலரைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. கதவில் இருந்த எண்ணை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

“பத்தொம்பது மிச்சம்” என்றார் சிங்காரவேலு. வாசலுக்குத் திரும்பினார்.

“அதெல்லாம் புத்தகக் கணக்கு” என்றார் மேனேஜர் வாசலிலிருந்து. “பிரேக்கர் ஆஃப்ல இருக்கு. ஆஃப் ஆன பிரேக்கரை இழுத்தா ஒண்ணும் ஆகாது. ஆஃப் ஆகாததை இழுத்தாத்தான் ஃப்ளாஷ். இது எலெக்ட்ரீஷியனுக்கே தெரியுமே.”

“ஆஃப்லதான் இருக்கு மேடம்” என்றான் தணிகாசலம். பேனலின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினான். “பச்சைக் கொடி விழுந்திருக்கு பாருங்க.”

கமலவேணி குனிந்து பார்த்தார்.

“கொடி தெரியுது” என்றார்.

“அவ்வளவுதானே வேணும்?” என்றார் மேனேஜர்.

கமலவேணி தணிகாசலத்திடம் கேட்டார்.

“நீங்க இங்க எதுக்கு?”

“பிரேக்கரை இழுக்க.”

“பட்டையில கரண்டு எதுக்கு?”

தணிகாசலம் சிங்காரவேலுவைப் பார்த்தான். சிங்காரவேலு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கேட்டுப் பக்கம் பார்த்தார்.

கமலவேணி பெட்டியை மூடினார். ஒரு ஸ்டூலை இழுத்து, கதவுக்கு வெளியே, வேப்பமர நிழலில் போட்டு உட்கார்ந்தார். அவர் அதற்கு மேல் எதுவும் செய்யப்போவதில்லை என்பது சிங்காரவேலுவுக்குத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுப் பழக்கம்.

மணி பத்து ஐந்து.

மேனேஜர் தணிந்த குரலில் பேசினார். “சிங்காரம், அவங்க வருவாங்க, போவாங்க. சாயந்தரம் அவங்க பஸ் ஏறிடுவாங்க. மேலிடத்துல இருந்து எனக்குக் காலையிலேருந்து நாலு போன். பேன் கொப்பரையில பாகு கொதிக்குது. நடுவுல கரண்டு போனா கல்லாய்ப் போயிடும். தணிகாசலம் செய்வான். என்ன தணிகாசலம்?”

“செஞ்சிடலாம் சார். இருபத்துமூணு தடவை செஞ்சிருக்கேன்.”

“பாத்தியா?”

சிங்காரவேலு தணிகாசலத்தை நோக்கி நடந்தார். பதினொரு அடி. அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டினார். கொக்கியில் தொங்கிய கைப்பிடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வெளிய வாடா.”

“அண்ணே…”

“வா.”

இருவரும் வெளியே வந்தார்கள். சிங்காரவேலு சுவிட்ச் அறைக் கதவைச் சாத்தினார்.

“கைப்பிடியைக் குடு” என்றார் மேனேஜர்.

“மெயின் ஆஃப் ஆகட்டும் சார்.”

“எந்த மெயின்?”

“வெளியே யார்டுல இருக்கற மெயின். மூணு பட்டையும் செத்த பிறகு என் ஆளு உள்ள போவான்.”

“மொத்த மில்லும் நின்னுடும்யா!”

“நிக்கும் சார்.”

“வேற கைப்பிடி எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

“வேற இல்ல சார். இன்னொண்ணு வேணும்னு நாலு வருஷமா எழுதறேன். நீங்கதான் கையெழுத்துப் போடல.”

பாவாடை இருமினான். இருமல் மாதிரி இருந்தது.

மேனேஜரின் முகம் சிவந்தது. “உன்னை சஸ்பெண்ட் பண்ண எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது.”

“பண்ணுங்க சார். கைப்பிடி என்கிட்டதான் இருக்கும்.”

“வெளிய அறுபத்திரண்டு டிராக்டர் நிக்குது. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

சிங்காரவேலு கூச்ச சுபாவம் உள்ளவர். ஆலை ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோது கழிவறையில் ஒளிந்துகொண்டவர். நாலு பேருக்கு மேல் இருந்தால் குரல் எழும்பாது. இப்போது கைப்பிடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். முன்னூற்று நாற்பது அடி. நடுவில் ஒரு முறைகூட நிற்கவில்லை.

முதல் டிராக்டரின் மேல் ஒரு பெரிய மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ஃபோர்மேனே, அரவை உண்டா இல்லியா?”

“நிறுத்தறோம். மூணு மணி நேரம்.”

“எதுக்கு?”

“உள்ள ஆளு வேலை செய்யணும். கரண்டோட செய்ய விடமாட்டேன்.”

மீசைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கக்கத்தில் இருந்த இரும்பையும் பார்த்தார்.

“முந்தாநாளு அஞ்சு மணி நேரம் நிறுத்துனீங்க. ஏன்னுகூட ஒருத்தன் சொல்லல” என்றார். “காரணம் சொன்ன மொத ஆளு நீதான்யா. போ. போய் வேலையைப் பாரு.”

பின்னால் இருந்த டிராக்டருக்குத் திரும்பிக் கத்தினார். “டேய், எஞ்சினை நிறுத்து. டீ குடிக்கலாம்.”

சிங்காரவேலு திரும்பி வந்தபோது மேனேஜர் போனில் இருந்தார். “ஆமா சார். இல்ல சார். ஃபோர்மேன் ஒத்துக்கல சார்.” நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பையில் போட்டார். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார்.

“பேன்களைக் காலி பண்ண ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்” என்றார். “அதுக்கப்புறம் மெயின். எழுதிக் குடு. உன் பேருல எழுதிக் குடு.”

சிங்காரவேலு எழுதிக் கொடுத்தார். பேர், நேரம், காரணம்.

காத்திருந்த நேரத்தில் அவர் வேப்பமரத்தடிக்கு வந்தார். கமலவேணி தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, நான் செஞ்சது சரியா?”

கமலவேணி மென்று விழுங்கினார்.

“கைப்பிடி கனமா?”

“கனம்தான்.”

“வச்சுக்கோங்க.”

பதினொன்று நாற்பதுக்கு ஆலைச் சங்கு ஊதியது. பன்னிரண்டு நிமிடம் கழித்து யார்டில் மெயின் விழுந்தது. அரவை உருளைகள் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தன. அவ்வளவு அமைதியை அந்தோணி ஆலையில் கேட்டதில்லை. தூரத்தில் டிராக்டர்காரர்கள் சீட்டாடுகிற சத்தம் கேட்டது.

சிங்காரவேலு மெயினுக்குப் பூட்டுப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

தணிகாசலம் உடையோடு உள்ளே போனான். நீளக் கழியின் நுனியில் இருந்த சோதனைக் கருவியால் பட்டைகளைத் தொட்டான். முதல் பட்டை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது, ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து தொட்டான். சிங்காரவேலு வாசலில் நின்று எண்ணினார். ஆறு தொடுதல், ஆறிலும் உயிர் இல்லை.

பிறகு, கரண்டு தப்பி வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்படி, மூன்று பட்டைகளையும் பூமியோடு கம்பியால் இணைத்தார்கள்.

“கழட்டலாமா?” என்றான் தணிகாசலம்.

கமலவேணி தலையசைத்தார்.

குல்லாயைக் கழற்றினான். தலையிலிருந்து வியர்வை கொட்டியது. கோட்டு, கால்சட்டை, கையுறை எல்லாவற்றையும் மடித்து ஓரமாய் வைத்தான். பனியனோடு நின்றான்.

“இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கே” என்றான் பாவாடை. இப்போது எல்லாருமே உள்ளே வந்திருந்தார்கள். யாரும் யாரையும் எதுக்கு என்று கேட்கவில்லை.

சிங்காரவேலு கைப்பிடியைக் கொடுத்தார். தணிகாசலம் துளையில் செருகிச் சுற்றினான். நான்காம் பிரேக்கர் முனகிக்கொண்டே வெளியே வந்தது. ஜக்கரியாவும் அந்தோணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தரையில் வைத்தார்கள்.

“பாத்தீங்களா” என்றார் மேனேஜர். “ஒண்ணும் ஆகல. இதுக்குத்தான் மூணு மணி நேரம்.”

முன்பக்கச் சதுரத்தில் பச்சைக் கொடி தெரிந்தது. ஆஃப்.

தணிகாசலம் மேல்மூடியின் திருகுகளைக் கழற்றினான். எட்டுத் திருகு. மூடியைத் தூக்கினான். உள்ளே கரி படிந்திருந்தது. உள்ளே முனைகள் மூன்று ஜோடி. பிரேக்கர் ஆஃப் ஆகும்போது ஒவ்வொரு ஜோடியும் விலக வேண்டும். விலகினால்தான் கரண்டு நிற்கும்.

சிங்காரவேலு மண்டியிட்டார். முதல் ஜோடிக்கு நடுவில் சுட்டுவிரலை விட்டார். போயிற்று. இரண்டாவதில் விட்டார். அதிலும் போயிற்று.

மூன்றாவதில் விட்டார்.

விரலை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் நுழைத்துப் பார்த்தார். டிக்கெட் மடங்கியது. உள்ளே போகவில்லை. செம்பும் செம்பும் உருகி ஒன்றாய்ப் பிடித்திருந்தன.

தணிகாசலம் பச்சைக் கொடியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கினான். நீட்டினான்.

மேனேஜர் இன்னொரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

கமலவேணி பெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்தாம் எண் பேனலுக்குப் போனார். அவருக்கு இன்னும் வேலை இருந்தது.

சிங்காரவேலு எழுந்தார். மேசையிலிருந்த பதிவேட்டைத் திறந்தார். தேதி போட்டார். மணி பன்னிரண்டு ஐம்பது என்று எழுதினார். அதன் கீழே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

நான்காம் எண் பிரேக்கர். முனைகள் மூன்று. பிரிந்தவை இரண்டு.

மீதி ஒன்று.